உள்ளே விட்ட துணி

(நோயில் மறைந்தவர்களை நினைவுகூர்வது குறித்து, ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



தலைப்பைப் பார்த்துவிட்டுத் தையல் வகுப்பு என்று நினைத்துச் சிலர் வந்திருக்கலாம். அவர்களும் உட்காருங்கள். தையலைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. போன வருஷம் என் அக்கா காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, என் பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டாள்: "பாட்டி, பெரிய பாட்டிக்கு முடி இருந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். வெள்ளிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஈரத்தோடு நுனியில் முடிச்சிட்டு, சாயங்காலம் கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டுதான் நான் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் என் பேத்திக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரிய பாட்டி என்றால் தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்த ஓர் உருவம்.

குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று இரவு கண்ணை மூடி அக்காவை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் அந்தக் கட்டில்தான் வந்தது. ஊசி ஏற்றிக் கறுத்துப்போன புறங்கை வந்தது. கீமோ வார்டின் நெடி வந்தது. 61 வருஷம் ஒன்றாக வளர்ந்த அக்காவை, நோய் எனக்கும் சேர்த்து அழித்துவிட்டிருந்தது.

அக்காவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். 64 வயதில் போனாள். கணக்கு வாத்தியார்கள் இங்கே இருக்கிறீர்கள், போட்டுப் பாருங்கள். 64 வருஷம் என்றால் 768 மாதம். அவள் நோயாளியாக இருந்தது 14 மாதம். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. அந்த இரண்டு பங்கு, மீதித் தொண்ணூற்றெட்டையும் மூடி மறைத்துக்கொண்டு நிற்கிறது. நீண்ட நோயில் உறவைப் பறிகொடுத்த எல்லா வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் அதிகமாக நடக்கிறது. மருந்து வேளை, ஸ்கேன் தேதி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்று மாதக்கணக்கில் மனம் நோயோடு மட்டுமே பேசிப் பழகிவிடுகிறது. ஆள் போன பிறகும் அது அந்தப் பேச்சை நிறுத்துவதில்லை.

நோயில் போனவரை அந்த நோயிடமிருந்து மீட்டுக்கொண்டு வருவதுதான் இருப்பவர்களின் முதல் கடமை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இது நம் மரபுக்குப் புதிதில்லை. புறநானூற்றில் அதியமான் இறந்த பிறகு ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு ஒன்று உண்டு. முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவன் மார்பில் வேல் பாய்ந்த செய்தியோடு அந்தப் பாட்டு தொடங்குவதில்லை. கள் கிடைத்தால் அதை எப்படிப் பகிர்ந்தான், சோற்றை எத்தனை பேரோடு உண்டான், மணக்கும் தன் கையால் ஒளவையின் தலையை எப்படித் தடவிக் கொடுத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் வேல் வருகிறது. அது வரும்போது அவன் மார்பை மட்டுமா துளைக்கிறது? பாணர்களின் பாத்திரத்தையும் துளைக்கிறது, புலவர்களின் நாவையும் துளைக்கிறது. முதலில் வாழ்வு, பிறகு சாவு. ஒளவை வைத்த வரிசை அது. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். துக்கம் கேட்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன செய்தது, எத்தனை நாளாக?" என்பது. நாமும் முதல் மாத்திரையிலிருந்து தொடங்கி ஐசியூ வரை ஒப்பிக்கிறோம். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் இருபது முறை.

ஈழத்தில், யாழ்ப்பாணப் பக்கத்தில், இதற்கு ஓர் அருமையான வழக்கம் உண்டு. இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று வந்தவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்பார்கள். இறந்தவர் படம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, பல புத்தகங்களில் வம்சாவளியும் இருக்கும். தலைவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டும் என்று இல்லை. கடை வைத்திருந்தவருக்கும் உண்டு, வீட்டோடு வாழ்ந்து முடித்த பாட்டிக்கும் உண்டு. கல்லில் வெட்டியதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த மரபு என்று நான் அதைப் பார்க்கிறேன். போர் துரத்தித் துரத்தி ஊரை விட்டு ஓடிய மக்கள், லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு இன்றும் அதை அச்சடிக்கிறார்கள். நூலகம் என்ற இணைய ஆவணகத்தில் அப்படிப்பட்ட மலர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரண மனிதர் எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், என்ன தொழில் செய்தார் என்பது அங்கே அழியாமல் கிடக்கிறது.

நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். அக்காவுக்கும் வைத்தார்கள். அவசரத்தில் அவள் மகன் கைப்பேசியில் கடைசியாக இருந்த படத்தைக் கொடுத்துவிட்டான். அது மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக எடுத்த படம். கண்ணுக்குக் கீழே கருவளையம், புருவம்கூட இல்லை. தெருமுனையில் அதைப் பார்த்த பால்காரம்மா, முப்பது வருஷம் அக்காவிடம் ரவிக்கை தைத்துக்கொண்டவர், "யாரு இது?" என்று கேட்டார், பெயரைச் சொன்ன பிறகுதான் அழுதார்.

அந்தப் பையனை நான் கோபிக்கவில்லை. ஆனால் இங்கே இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அவர் நன்றாக இருந்த காலத்துப் படத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அபசகுனம் என்று நினைக்காதீர்கள். கட்டிலுக்கு எதிரே மாட்டுங்கள். வருகிற நர்ஸும் டாக்டரும் பார்க்கட்டும். தாங்கள் யாருக்கு மருந்து கொடுக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

இனி, ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும் அவ்வை இல்லம் தொடங்கியதும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவருக்கு ஒரு தங்கை இருந்தார். 1923இல் அந்தத் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அக்கா பெயர் பெற்ற மருத்துவர். கண் எதிரே தங்கை துடித்தார். அன்றைக்குச் சென்னையில் அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை கிடையாது.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? திதி கொடுத்திருப்போம், படத்துக்கு மாலை போட்டிருப்போம். அதுவும் வேண்டியதுதான். முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் அதைப் பேசினார். புற்றுநோய் என்றால் சாவு, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே நினைத்த காலம் அது. சுதந்திரம் வந்தது. மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். தம் மகன் கிருஷ்ணமூர்த்தியை அந்தத் துறையில் ஈடுபடுத்தினார். 1952இல் நேரு வந்து அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது.

1923இலிருந்து 1954. எண்ணிப் பாருங்கள், 31 வருஷம். தங்கை இறந்தபோது அவருக்கு வயது 37 இருக்கும். ஆஸ்பத்திரி திறந்தபோது 68ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். துக்கம் நாளாக நாளாக ஆறிவிடும் என்கிறோம். இந்த அக்காவுக்கு அது ஆறவில்லை, வேலையாக மாறியது. மறுவருஷம் 1955இல் டாக்டர் சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. பணம் இல்லை என்பதற்காக நோயாளி திரும்பிப் போகக் கூடாது என்பதை அந்த இடம் தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. இங்கே இருப்பவர்களில் எத்தனை குடும்பங்கள் அந்த வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அந்தத் தங்கையைத் தெரியும்? தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் நினைவில்தான் அவர்கள் நின்றார்கள்.

வேலூரிலும் அப்படித்தான். மருத்துவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் அங்கே மருத்துவமனை கட்ட அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் 40 படுக்கைகளோடு அந்த அம்மாளின் பெயரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. இன்று உலகம் அறிந்த சிஎம்சி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. வேலூரில் கண் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இன்றும் ஷெல் ஆஸ்பத்திரி என்றுதான் வழி கேட்கிறார்கள். வேலூரைக் கண்ணால் பார்த்திராத ஒரு பெண்ணின் பெயர், நம் ஆட்டோக்காரர் வாயில் புழங்குகிறது.

"அவர்கள் பெரியவர்கள், எங்களால் ஆஸ்பத்திரி கட்ட முடியுமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். முடியாது. என்னாலும் முடியாது. அதனால்தான் என் அக்காவின் கதைக்குத் திரும்புகிறேன்.

அக்கா தையல்காரி. அத்தான் சின்ன வயதிலேயே போய்விட்டார். கையில் ஒரு பையன், ஒரு உஷா மெஷின். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் ரவிக்கை தைத்தாள். பையனைப் படிக்க வைத்தாள். காரியம் எல்லாம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று மஞ்சப்பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதம். இன்னொன்று, மெஷின் டிராயரில் பாபினுக்கும் சாக்குக்கட்டிக்கும் நடுவே கிடந்த அளவு நோட்டு.

நீள நோட்டு. ஓரம் கரையான் அரித்தது. பக்கத்துக்கு ஒருத்தி. பெயர் எழுத மாட்டாள், அடையாளம்தான் எழுதுவாள். மாடிவீட்டு டீச்சர், பால்காரம்மா, கோடிவீட்டு மருமகள், போஸ்ட்மாஸ்டர் சம்சாரம். அதன் கீழே கழுத்து, மார்பு, இடுப்பு, கை, உயரம். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. "இடது தோள் இறக்கம், தெரியாமல் தைக்கணும்." "பிள்ளை பால் குடிக்குது, முன்கொக்கி." "மாமியாருக்குப் பிடிக்காது, கழுத்து ஏற்றம்." "புருஷன் தவறிட்டார், இந்தத் தடவை கூலி வேண்டாம்." ஒரு தெருவின் நாற்பது வருஷ வாழ்க்கை அதில் இருந்தது. அதைவிட, என் அக்கா அதில் இருந்தாள். யாருடைய தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தவள், அதை யாருக்கும் சொல்லாதவள்.

நோட்டைப் பிரித்துப் படிக்கப் படிக்க, நோய்க்காலத்து அக்காவும் வேறாகத் தெரிந்தாள். மருந்தின் வீரியத்தில் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. என் மகளைக் கூப்பிட்டு, "நீ நூலைக் கோத்துக் குடுடி, ஹெம்மிங் நான் பார்த்துக்கறேன்" என்பாள். தையல் கோணலாகப் போகும். பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பாள். "மாடிவீட்டு டீச்சர் பொண்ணுக்குக் கல்யாணம் வருது, நாலு ரவிக்கை பாக்கி இருக்கு" என்று கட்டிலில் உட்கார்ந்து முடித்தாள். அன்றைக்கு நான் அவளைத் திட்டினேன், உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாயே என்று. இன்று நினைத்தால் மனம் வலிக்கிறது. அவள் நோயாளியாக இருந்த 14 மாதத்திலும் தையல்காரியாகவே இருந்திருக்கிறாள். நான்தான் அவளை நோயாளியாக மட்டும் பார்த்தேன்.

முதல் வருஷ திதிக்கு ஒரு காரியம் செய்தோம். மஞ்சப்பையைப் பரணில் போட்டுவிட்டு, அளவு நோட்டைக் கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் வைத்தோம். பின்னலும் கனகாம்பரமும் உள்ள பழைய படம். தெருப் பெண்களிடம், "அக்கா தைத்த ரவிக்கை யாரிடமாவது இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். ஐந்தாறு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். கூடம் கொள்ளவில்லை. ஒருவர் கல்யாண ரவிக்கை, ஒருவர் வளைகாப்பு ரவிக்கை, ஒருவர் சாயம் வெளுத்த பருத்தி. ஒவ்வொருவரும் நோட்டில் தம் பக்கத்தைத் தேடிப் பார்த்தார்கள். பால்காரம்மா தம் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாம் போட்டிருந்த ரவிக்கையின் ஓரத்தை மடித்துக் காட்டினார். உள்ளே ஒன்றரை இஞ்சு துணி. "உங்கக்கா எப்பவும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பா டீச்சர். உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்னு. பதினோரு வருஷத்து ரவிக்கை. போன மாசம்தான் பிரிச்சேன், இன்னைக்குச் சரியா இருக்கு."

அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். சிரிக்கவும் சிரித்தோம். அவள் சத்தமாக ரேடியோ வைத்துக்கொண்டு தைப்பதை, தீபாவளிக்கு முந்தின இரவு விடிய விடிய மெஷின் ஓடியதை, கூலி கேட்க வாய் வராமல் "இருக்கட்டும், அப்புறம் குடு" என்பதை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் பேத்தி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு படுக்கும்போது அவளாகச் சொன்னாள்: "பெரிய பாட்டிக்கு நிறைய முடி."

பெரியோர்களே, வாழ்ந்ததைக் கொண்டாடுங்கள் என்று சொல்லும்போது நோயை ஒளித்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நேர் எதிரானதைத்தான் சொல்கிறேன். என் அக்கா மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமிருக்காது என்று நினைத்தாள். ஊரெல்லாம் பெண்களின் மார்பை இஞ்சு டேப்பால் அளந்தவள், தன் மார்பைக் காட்டக் கூச்சப்பட்டாள். இந்த நோயில் பெரும்பாலும் முதலில் தெரிவது வலியில்லாத கட்டிதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கிற வாய்ப்பு மிகவும் அதிகம். இதை அன்றைக்கு யாராவது எங்கள் கூடத்தில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்திலேயே இந்த நோயில் போனவர்கள் இருந்திருக்கலாம். அவர்களைப் பற்றியெல்லாம் "உடல்நலக் குறைவால் காலமானார்" என்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி தங்கையின் நோயை மறைத்திருந்தால் அடையாற்றில் அந்தக் கட்டடம் இல்லை.

ஆகவே திதியன்று அந்தக் கூடத்தில், ரவிக்கைக் கதைகள் எல்லாம் முடிந்த பிறகு, நான் எழுந்து நோயின் பெயரைச் சொன்னேன். எட்டு மாதத்தையும் சொன்னேன். ஒளவையின் வரிசையில், கடைசியாகச் சொன்னேன். அடுத்த வாரம் எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். மூவருக்கும் ஒன்றுமில்லை. நான் கட்டிய ஆஸ்பத்திரி அவ்வளவுதான்.

உங்களிடம் மூன்று கேட்கிறேன். வீட்டில் நோயில் இருப்பவர் இருந்தால், இன்றிரவு மருந்து கொடுத்த பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து நோயைத் தவிர வேறு எதையாவது கேளுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள், வத்தக்குழம்பில் கடைசியாக எதைப் போடுவார்கள், எந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கேளுங்கள். குரலைப் பதிவு செய்து வையுங்கள். அவர் போய்விட்டிருந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி உறவுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இந்த நூலகத்தில் அதற்கென்று ஓர் அலமாரி ஒதுக்க நூலகர் சம்மதித்திருக்கிறார். நம் ஊரின் கல்வெட்டு அங்கே சேரட்டும். கடைசியாக, பெண்களுக்கு. வலிக்காத கட்டியை மறைக்காதீர்கள். வெட்கம் பார்க்காமல் நாளைக்கே காட்டுங்கள்.

அலமாரியில் முதல் புத்தகமாக வைக்க அக்காவின் அளவு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அடையாளம் மட்டும் இருக்கிறது, பெயர் யாருடையதும் இல்லை. ஆனாலும் கேட்காமல் கொடுக்கவில்லை. பக்கத்துக்குரிய பெண்கள் எல்லோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.